கொடுத்தவர் வந்திருக்கிறார்

உலகத்தில் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பெரிய தொந்தரவு கிடையாது. கேட்டோம், இல்லையென்றார்கள், திரும்பி வரும் வழியில் நாலு வார்த்தை திட்டினோம், முடிந்தது. கொடுத்துவிட்டு அன்றோடு மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்களாம். கேள்விப்பட்டதோடு சரி, நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓர் இனம் இருக்கிறது. அதற்குக் 'கொடுத்தும் விடாதவர்' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்குத் தன் பழைய பிரிட்ஜைக் கொடுத்தாரே, அவர்தான். பிரிட்ஜ் லோடு ஆட்டோவில் ஏறியதும் பைக்கில் பின்னாலேயே வந்து, எந்தச் சுவரோரம் வைக்க வேண்டும் என்று சொல்லி, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று கையை விரித்து அளந்து, பிளக்கைத் தானே மாட்டி, தண்ணீர் கட்டியாகும்வரை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்து, காப்பி குடித்துப் போனாரே, போனவர் போனாரா? மாதத்துக்கு இரண்டு தரம் 'இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்' என்று உள்ளே நுழைந்து, உங்களை நலம் விசாரிப்பதற்கு முன்னால் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பவர்.

"என்ன இது, மீன் கொழம்ப மூடி போடாமலா வச்சிருக்கீக?" என்பார்.

குழம்பு உங்களுடையது. மீனும் உங்களுடையது. ஆனால் வாசம் ஏறுவது அவருடைய பிரிட்ஜில் அல்லவா?

முருங்கைக்குச்சி கொடுத்தவர் முதல் காய்க்கு வந்து நிற்பார். பட்டுச்சேலையைக் கொடுத்த பெண்மணி அது உடுத்தப்படுகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் முந்தானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சாம்பார் வாளி வரும்போதெல்லாம் தன் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பார். இவர்களை நான் உதிரி உதிரியாக நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இனத்தின் முழு உருவத்தையும் ஒரே ஆளிடம் பார்த்தது போன வருஷம், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில்.

நான் அங்கே புத்தகம் கொடுத்து வாங்குகிற மேசையில் உட்கார்ந்திருப்பவன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், சீமைக்கருவேலங்காட்டை வெட்டித் தள்ளிவிட்டுக் கட்டிய பல்கலைக்கழகம். இத்தனை கட்டடம் எழும்பியும் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது இன்னமும் 'கருவக்காட்டுக் காலேஜி'தான். அங்கே புதிதாக நூலகராக வந்தவர் கிருஷ்ணப்ரியா மேடம். மதுரைக்காரர், படித்தவர், சுறுசுறுப்பானவர். நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழம்பொருள் கூடம் ஒன்று அமைத்தே தீருவது என்று வந்த மாதமே முடிவு செய்து, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் நோட்டீஸ் அடித்து அனுப்பினார். 'உங்கள் வீட்டுப் பழம்பொருட்களை நூலகத்துக்குத் தாருங்கள்' என்பது முதல் வரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கொடுப்பவர் பெயர் கண்ணாடிப் பெட்டியின் மேல் எழுதப்படும்' என்று இரண்டாவது வரி ஒன்று போட்டுவிட்டார்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஐயா, சாமான்! வீரசோழனிலிருந்து எந்தச் சாவிக்கும் திறக்காத பர்மா தேக்குப் பெட்டி. பந்தல்குடி லாரிப் பட்டறையிலிருந்து, அமுக்கினால் எருமை கத்துவதுபோல் சத்தம் வரும் ரப்பர்க் குமிழ் ஹாரன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த, அடி ஓட்டையான கமலைச் சால், வால்வு ரேடியோ, ஒரு மூட்டை ஓலைச்சுவடி, கண்மாய் தூர் வாரும்போது கிடைத்த பானை ஓடுகள். வெள்ளைக்காரக் கலெக்டர் உட்கார்ந்த நாற்காலி என்று மூன்று வந்தன. மூன்று ஊர், ஒரே கலெக்டர். வானத்திலிருந்து விழுந்த கல் என்று ஒருவர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மண்ணியல் பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, செங்கல் சூளையில் உருகிய கசடு என்று என் காதில் சொன்னார். கொடுத்தவரிடம் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லாததால், கல் இன்றைக்கும் வானத்திலிருந்து விழுந்ததாகவே இருக்கிறது.

இந்த வரிசையில்தான் எம்.ரெட்டியபட்டிக் காசிராஜன் வந்தார். பன்னிரண்டு ஏக்கர் கரிசல்; பருத்தி, கம்பு. மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் ஊர்ப் பெரியமனுஷர். அவர் கொண்டுவந்தது சேமக்கலம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதான வெண்கல வட்டம், கயிற்றில் தொங்கவிட்டு மரக்கட்டையால் அடிப்பது. நன்றாகப் பச்சை பூத்துப்போயிருந்தது. விளிம்பில் அவருடைய தாத்தாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மேடம் அதைக் கையில் வாங்கியதுமே முகம் மலர்ந்துவிட்டார். ஒப்படைப்புக் கடிதத்தை நான்தான் நீட்டினேன். 'முழுமனதுடன், நிரந்தரமாக, பின்னர் எவ்வித உரிமையும் கோராமல்' என்று அதில் தெளிவாக இருந்தது. காசிராஜன் அதைப் படிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பேரு எத்தன பெருசுல வரும்?"

காட்டினேன். கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்தோம். போய்விட்டார் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வாட்ச்மேன் பால்ச்சாமி உள்ளே வந்து, "மேடம், குடுத்தவர் வந்திருக்காரு" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் நூலகத்தின் திறப்பு மணிபோல ஆகிவிட்டது. மற்றவர்களும் வந்தார்கள்தான்; வாரம் ஒருநாள், பத்து நாளைக்கு ஒருநாள் என்று. காசிராஜன் தினமும். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கூடத்துக்குள் நுழைந்து, மற்ற எல்லாப் பெட்டிகளையும் செருப்போடு கடந்து, தன் பெட்டிக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றி, துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்து, துடைத்ததால் பட்ட அழுக்கை மறுநுனியால் துடைத்து, பின்கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது மாட்டுகிறார்களா என்று பார்ப்பார். மாட்டுவார்கள்.

"என்னத்தா படிக்கிறே?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஐயா."

"அதப் பெறகு படிக்கலாம். இதப் பாரு."

புகார்களுக்கும் குறைவில்லை. டியூப்லைட் வெளிச்சம் ரேடியோமேல் விழுகிறது, சேமக்கலத்தின்மேல் விழவில்லை. லைட்டை நகர்த்தினோம். பக்கத்தில் லாரி ஹாரன் இருக்கிறது. சாமி சாமானும் ஹாரனும் ஒரே வரிசையிலா? ஹாரனை நகர்த்தினோம். ஹாரன் கொடுத்த பந்தல்குடிக்காரர் வந்து சண்டை போட்டார். திரும்ப நகர்த்தினோம். ஒருநாள் காசிராஜன் கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "என்ன தம்பி, ஆளு கொஞ்சம் வாடின மாதிரி தெரியுது?" என்றார். வெண்கலத்தைச் சொல்கிறார்!

கிருஷ்ணப்ரியா மேடத்துக்கு இதெல்லாம் பார்த்துச் சிரிப்புத் தாங்காது. "சார், கொடுத்தா விட்டுடணும். என் கையை விட்டுப் போயிருச்சுன்னு மனசு ஒத்துக்கணும். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் அது வராது போல" என்பார் என்னிடம். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாசி பிறந்தது. சிவராத்திரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காசிராஜன் வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் புதுக் கயிறு.

"எடுத்துக் குடுங்க மேடம். சாமி கும்பிட்டு முடிஞ்சதும் கொண்டாந்து வச்சிர்றேன்."

"எதை எடுக்கணும் ஐயா?"

"சேமக்கலத்தத்தான்."

மேடம் கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து, 'நிரந்தரமாக' என்ற இடத்தில் விரலை வைத்து, நிதானமாக வாசித்துக் காட்டினார். காசிராஜன் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சரி மேடம். குடுத்தேன், இல்லேங்கல. அதான் பேரு போட்டிருக்குல்ல?"

"பேர் போட்டது நீங்க கொடுத்தீங்கன்னு காட்டறதுக்கு."

"பேரு போட்டா, பேரு போட்ட வீட்டுக்குத் திரும்பி வரும்னுதான மேடம் அர்த்தம்?"

மேடம் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் அண்டா, குண்டான், தேக்சா எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தான் வைத்திருப்பார்கள். எதற்கு? ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அந்த அண்டா போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக் காதுகுத்துக்குப் போகும். அங்கிருந்து அடுத்த ஊருக்குக்கூடப் போகும். ஆறு மாசம் ஊர் சுற்றினாலும் விளிம்பில் வெட்டிய பெயரைப் பார்த்து யாராவது ஒருவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். பெயரை வெட்டுவதே வெளியே விடுவதற்காக, விடுவதே திரும்பி வரும் என்பதற்காக. அந்த மனுஷரிடம் போய், பெட்டிமேல் பெரிய எழுத்தில் பெயர் போடுகிறோம் என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? அண்டாவை விடப் பத்திரமான இடத்துக்கு இரவல் போகிறது என்றுதான் கொடுத்திருக்கிறார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். குலதெய்வத்தின் உடுப்பும் சலங்கையும் இருக்கிற சாமிப்பெட்டி மூன்று தலைமுறையாக அவர் வீட்டில்தான் இருக்கிறது. சிவராத்திரி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு இருபத்திரண்டு வீட்டுப் பங்காளிகளும் வாசலில் கூடுவார்கள். அந்தச் சேமக்கலத்தை அடித்தால்தான் பெட்டியைக் கோயிலுக்குத் தூக்குவார்கள். வேறு சேமக்கலம் செல்லாது. அடிக்கவில்லையென்றால் பெட்டி எழும்பாது. பெட்டி எழும்பவில்லையென்றால் பெரியப்பா மகன் செல்லப்பாண்டி எழும்புவார். பெட்டி தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும், தாங்கள்தான் மூத்த வகையறா என்று அவர் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு காரணம் போதும்.

"நான் குடுத்தது பங்காளிக ஒருத்தருக்கும் தெரியாது மேடம். சாமி சாமானக் காலேஜிக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறான்னு தெரிஞ்சா, பெட்டி அன்னைக்கே போயிரும்" என்றார். புதுக் கயிற்றை எடுத்துச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவரை அப்படிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"ரூல்ஸ்ல இடமே இல்லையே ஐயா" என்றார் மேடம்.

மறுநாள் அவர் மனைவி செல்வலட்சுமி கூட வந்தார். வரும்போதே புருஷனை ஒரு பிடி பிடித்துக்கொண்டுதான் வந்தார். "குடுக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? பாலீசு போடக் குடுத்திருக்கேன்னு சொன்னீகளே, ஆறு மாசமாவா பாலீசு போடுறாக?" காசிராஜன் கமலைச் சாலின் ஓட்டையை ஆராய்ச்சி செய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வலட்சுமி மேடத்திடம் வந்தபோது குரலை மாற்றினார்.

"இவுக பண்ணுனது தப்புத்தான் மேடம். ஆனா நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அந்தப் பெட்டிக்கு வெளக்குப் போட்டவ நான். அது எங்க வீட்ட விட்டுப் போச்சுன்னா எனக்கு வீட்டுக்குள்ள இருக்கப் புடிக்காது."

மேடம் மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். இந்தப் பழம்பொருட்களுக்கென்று தனிப் பதிவேடு போட நேரமில்லாமல், புத்தகங்களோடு சேர்த்து நூலகப் பதிவேட்டிலேயே நான் ஏற்றியிருந்தேன். அது என் சோம்பேறித்தனம்.

"மேடம், நம்ம விதிப்படி, பதிவேட்டுல ஏறினதை உறுப்பினர் யாரும் பதினஞ்சு நாளைக்கு இரவல் வாங்கலாம். அகராதி, கலைக்களஞ்சியம் மட்டும்தான் கொடுக்கக் கூடாது. சேமக்கலம் கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

மேடம் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் காசிராஜன் இரண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸோடு எங்கள் நூலக உறுப்பினரானார். தேதிச் சீட்டை எங்கே ஒட்டுவது? வெண்கலத்தில் பசை பிடிக்கவில்லை. கயிற்றில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், சேதமின்றித் திருப்பித் தருவேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

"எங்க தாத்தா பேரு வெட்டுன சாமானுக்கு நான் இரவல் கையெழுத்துப் போடுறேன் தம்பி" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

இனிமேல்தான், வாசகரே, நீங்கள் கவனிக்க வேண்டியது. மேடம் சேமக்கலத்தை இரண்டு துண்டில் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்து மூன்றாவது துண்டையும் வைத்துச் சுற்றினார். "ஐயா, தரையில வைக்காதீங்க. மடியில வச்சுக்கிட்டுப் போங்க. தண்ணி படக் கூடாது. முக்கியமா புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க, அந்தப் பச்சைதான் இதோட வயசு. அப்புறம், மெதுவா அடிங்க" என்றார்.

"மெதுவா அடிச்சா சாமிக்குக் கேக்குமா மேடம்?"

ஷேர் ஆட்டோ கருவேலங்காட்டுத் திருப்பத்தில் மறையும்வரை மேடம் வாசலிலேயே நின்றார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு போனை எடுத்தார். "ஐயா, ஒண்ணுமில்லை, சும்மாதான் கேட்டேன். எந்த ரூம்ல வச்சிருக்கீங்க?" அடுத்த நாள், "அந்த ரூம்ல அடுப்புப் புகை வருமா?" அதற்கடுத்த நாள், "எலி?" நான் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சிவராத்திரி அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்தார்.

"சார், ரெட்டியபட்டிக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"எதுக்கு மேடம்?"

"கள ஆய்வு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் கூடப் போனேன். ஆய்வுக்கு ஒரு ஆள் வேண்டாமா? மூன்றே முக்காலுக்குக் காசிராஜன் வீட்டு வாசலில் பங்காளிக் கூட்டம் நிரம்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்னப்பெண் கத்தினாள்: "அப்பா, குடுத்தவுக வந்திருக்காக!" தினமும் போன் வந்த வீட்டில் மேடத்துக்கு அதுதான் பெயராகியிருந்தது.

செல்வலட்சுமி சேமக்கலத்தைக் கொண்டுவந்தார். மாலை வெயில் பட்டு எங்கள் கண் கூசியது. பச்சை எங்கே? ஒரு பொட்டு இல்லை. மேடம் அதில் தன் முகத்தைத் தானே பார்த்தார்.

"ஐயோ, புளி போட்டீங்களா?"

"பின்ன, அழுக்கோடயா மேடம் சாமி சாமான எடுக்கிறது? புளியும் சாம்பலும் போட்டு ஒரு மணி நேரம் தேச்சேன்" என்றார் செல்வலட்சுமி, பாராட்டை எதிர்பார்த்து.

அப்போதுதான் முன்வரிசையில் கையைக் கட்டி நின்ற செல்லப்பாண்டி கண்ணில் அது பட்டது.

"ஏலே காசி, என்னலே இது, சாமி சாமான்ல சீட்டுத் தொங்குது?"

கூட்டம் முழுக்கச் சீட்டைப் பார்த்தது. செல்வலட்சுமியின் கை, சேமக்கலத்தோடு அப்படியே நின்றது. செல்லப்பாண்டி சீட்டைப் பிடித்து இழுக்கப் போனார்.

"பிச்சிடாதீங்க!" என்று கத்திக்கொண்டு மேடம் கூட்டத்தைப் பிளந்து உள்ளே போனார். "தேதி போட்டிருக்கு! கையெல்லாம் வைக்காதீங்க, ரேகை பதியும்! கயிறு முடிச்சு சரியா இருக்கா? யார் அடிக்கப் போறது? கட்டைக்குத் துணி சுத்தியிருக்கா?"

செல்லப்பாண்டி இரண்டடி பின்வாங்கினார். "யாருலே இந்தம்மா?"

காசிராஜனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்ததும் முழு ஆளாக வந்தது. "யுனிவர்சிட்டி ஆபீசரு அண்ணே. நம்ம சேமக்கலத்துக்கு அங்க தனிக் கண்ணாடிப் பெட்டி, தனி லைட்டு, வாசல்ல வாட்ச்மேன். வருசம் பூராவும் அங்கதான் பத்திரமா இருக்கு. இவுகதான் பொறுப்பு. வெளிய எடுத்தா கூடவே வருவாக."

செல்லப்பாண்டி மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சாமானைக் காப்பாத்தத் தெரியாத வீட்டில் பெட்டி எதற்கு' என்று பதினைந்து வருஷமாகத் தயாராக வைத்திருந்த பேச்சைச் செல்லப்பாண்டி அங்கே எந்த வாயால் எடுப்பார்?

"சாமானுக்குப் பின்னாலேயே ஆபீசரு வாராகளா!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பாதி ஆச்சரியம், பாதி வயிற்றெரிச்சல். பிறகு, "சரி, அடிலே. நேரமாகுது" என்றார்.

காசிராஜன் அடித்தார். முதல் அடிக்கு மேடம் தோளைக் குறுக்கினார். இரண்டாவது அடிக்கு, "மெதுவா..." என்றார். மூன்றாவது அடி விழுந்து அந்தச் சத்தம் தெருவெல்லாம் போய்த் திரும்பி வந்தபோது பெட்டி தோளுக்கு ஏறியது, பெண்கள் குலவையிட்டார்கள். மேடத்தின் கையில் முடி சிலிர்த்திருந்ததை நான் பார்த்தேன், என் கையிலும்தான். பெட்டி அந்த வருஷமும் காசிராஜன் வீட்டுக்கே திரும்பியது.

பதினாலாம் நாள் சேமக்கலம் எங்களுக்குத் திரும்பியது. மேடம் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியின் விவர அட்டையில் 'பச்சை படர்ந்தது' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார். மறுநாள் காலை ஒன்பதரை. பால்ச்சாமி உள்ளே வந்தார்.

"மேடம், குடுத்தவர் வந்திருக்காரு."

"நாற்காலி போடுங்க" என்றார் மேடம், தலை நிமிராமல்.

எனக்கு இந்த வியாதி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பால்ச்சாமிக்கு என் குடையைக் கொடுத்தேன். கொடுத்ததோடு சரி, ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? மழை வந்தால் மட்டும் வாசலுக்குப் போய், கம்பி எல்லாம் ஒழுங்காக விரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். எங்கள் பக்கம் மழை வருவதே வருஷத்துக்கு நாலு நாள். இதை யாரும் ஒரு குற்றமாகச் சொல்ல முடியாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இதைப் படித்து முடித்ததும், 'நம்ம மச்சினரை அப்படியே எழுதியிருக்கான்' என்று இந்தப் புத்தகத்தை யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். மூன்றாம் நாள் அவர் வீட்டுப் பக்கமாக உங்களுக்கு ஒரு வேலை வரும். உள்ளே போவீர்கள். டீ டம்ளரை எதன்மேல் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் கண் தேடும். தேடட்டும், தப்பில்லை, அதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை நலம் விசாரித்துவிடுங்கள்.